வானவெளியில் தவித்த பெண்: ஒரே படத்துக்கு இரண்டு தீர்ப்பு ஏன்?

"கிராவிட்டி" என்பது ஓர் ஆங்கிலப் படம். 2013-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி அமெரிக்காவில் திரையிடப்பட்டது. பூமிக்கு மேலே, காற்றே இல்லாத வெளியில், தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண் உயிர் தப்பும் கதை.

படம் பார்த்து வெளியே வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

"வானவெளிக்கே போய் வந்ததுபோல் இருக்கிறது" என்றது ஒரு கட்சி. "காட்சி பிரமாதம், கதை எங்கே?" என்று கேட்டது இன்னொரு கட்சி.

ரசிகர்கள் சண்டையோடு நிற்கவில்லை. விஞ்ஞானிகளும் உள்ளே புகுந்தார்கள். வானவெளிக்குப் போய்த் திரும்பிய வீரர்களும் பேசினார்கள். ஒரு சினிமாப் படத்தைப் பற்றி இத்தனை படித்தவர்கள் வாதாடியது அபூர்வம்.

யார் சொன்னது சரி? அதைப் பார்ப்பதற்கு முன், கதையைப் பார்ப்போம்.

கதை இதுதான்

ஹப்பிள் என்பது பூமியைச் சுற்றிவரும் ஒரு பெரிய டெலஸ்கோப். அதைப் பழுதுபார்க்க ஒரு விண்கலம் போகிறது. அதில் ரையான் ஸ்டோன் என்ற பெண் டாக்டர் இருக்கிறாள். வானவெளிக்கு அவள் போவது அதுவே முதல் தடவை. அவளோடு இருப்பவன் கோவால்ஸ்கி. பழம் தின்று கொட்டை போட்டவன்.

ரையானாக நடித்தவர் சாண்ட்ரா புல்லக். கோவால்ஸ்கியாக நடித்தவர் ஜார்ஜ் குளூனி. ஷரீப் என்று மூன்றாவதாக ஒருவனும் உண்டு. அவன் வேலைக்கு நடுவே ஓர் இந்திப் பாட்டை முணுமுணுக்கிறான். 1955-ல் வந்த "ஸ்ரீ 420" படத்தின் பாட்டு அது!

திடீரென்று ஆபத்து வருகிறது. ரஷ்யா தன்னுடைய பழைய செயற்கைக் கோள் ஒன்றை ஏவுகணையால் அடித்து உடைக்கிறது. உடைந்த துண்டுகள் மற்ற கோள்கள் மீது மோதுகின்றன. அவையும் உடைகின்றன. அந்தத் துண்டு மழை, வந்த விண்கலத்தையே சல்லடையாக்கி விடுகிறது. ஷரீப் சாகிறான்.

மிஞ்சியவர்கள் இரண்டு பேர். கலம் இல்லை. பூமியோடு பேச வழி இல்லை. ரையானிடம் இருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே வருகிறது. கோவால்ஸ்கியும் வழியில் அவளைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைப் பலி கொடுத்து விடுகிறான்.

பிறகு அவள் தனி. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிறாள். அங்கே தீப்பிடிக்கிறது. சீனாவின் நிலையத்துக்குத் தாவுகிறாள். அது பூமியை நோக்கி விழுந்து கொண்டிருக்கிறது. அங்கிருந்த சிறிய கலத்தில் ஏறி, தீப்பிழம்புக்கு நடுவே கீழே இறங்குகிறாள். ஓர் ஏரியில் விழுகிறாள். நீந்திக் கரை சேர்ந்து, தள்ளாடி எழுந்து நிற்கிறாள்.

அவ்வளவுதான் கதை. படம் ஓடும் நேரம் 91 நிமிடம்.

எப்படி எடுத்தார்கள்?

படத்தை டைரக்ட் செய்தவர் அல்போன்சோ குவாரோன். மெக்சிகோ நாட்டுக்காரர். கதையை அவரும் அவர் மகன் ஜோனாசும் சேர்ந்து எழுதினார்கள்.

வானவெளியில் எதற்கும் எடை இல்லை. மனிதன் பஞ்சுபோல மிதப்பான். அதைப் பூமியில் எப்படிப் படம் எடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியே ஆண்டுகள் ஓடின.

கடைசியில் ஒரு பெரிய பெட்டி செய்தார்கள். அதன் சுவர் முழுவதும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு விளக்குகள். நடுவில் நடிகை. அவர் சுழல வேண்டாம், ஒளி அவரைச் சுற்றிச் சுழலும். கார் தொழிற்சாலைகளில் இருப்பது போன்ற இயந்திரக் கை காமிராவைப் பிடித்துக்கொண்டு பாயும்.

சில காட்சிகளுக்கு 12 கம்பிகளில் நடிகையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பிகளை இழுத்தவர்கள் யார் தெரியுமா? நாடக மேடையில் பொம்மலாட்டம் ஆட்டும் கலைஞர்கள்!

படத்தின் முதல் காட்சி சுமார் 13 நிமிடம். வெட்டே விழாமல் ஓடுவது போல் தோன்றும். தூரத்தில் ஒரு புள்ளியாக விண்கலம் தெரியும். மெல்ல மெல்லப் பக்கத்தில் வரும். கீழே பூமி நீலமாகச் சுழலும். ரசிகர்கள் சொக்கிப் போனது இந்தக் காட்சியில்தான்.

இன்னொரு புதுமை, சத்தம். காற்று இல்லாத இடத்தில் ஓசை பரவாது. இந்தப் படத்தில் ஒரு நிலையமே நொறுங்கும்போதும் வெடிச் சத்தம் கிடையாது. நடிகையின் மூச்சும், பின்னணி இசையும் மட்டுமே கேட்கும்.

பணமும் பரிசும்

படத்துக்கு ஆன செலவு சுமார் 10 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூலான தொகை 70 கோடி டாலருக்கும் மேல்.

2014-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆஸ்கார் பரிசுகள் வழங்கப்பட்டன. இந்தப் படம் 7 பரிசுகளைத் தட்டிச் சென்றது. டைரக்ஷன், ஒளிப்பதிவு, எடிட்டிங், இசை, தந்திரக் காட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஒலிக்கு மட்டும் இரண்டு. டைரக்ஷனுக்கு ஆஸ்கார் வாங்கிய முதல் மெக்சிகோக்காரர் குவாரோன்தான்.

ஆனால் "சிறந்த படம்" என்ற பரிசு இதற்குக் கிடைக்கவில்லை. கதைக்கும் கிடைக்கவில்லை. கதைக்கு இதன் பெயரை யாரும் சிபாரிசு செய்யக்கூட இல்லை.

ரசிகர்களின் பிளவு பரிசுப் பட்டியலிலும் தெரிந்தது. கண்ணுக்கும் காதுக்கும் பரிசு உண்டு. கதைக்கு இல்லை!

குறை சொன்னவர்கள்

குறை சொன்ன ரசிகர்கள் பல காரணம் காட்டினார்கள்.

ஒன்று:- கதை மெலிவு. ஓர் ஆபத்து முடிந்தால் இன்னோர் ஆபத்து. அது முடிந்தால் மற்றொன்று. வேறு திருப்பம் இல்லை.

இரண்டு:- ரையானுக்கு 4 வயதில் இறந்த மகள் ஒருத்தி உண்டு என்று நடுவில் சொல்கிறார்கள். அது ரசிகர்களைக் கண் கலங்க வைக்க வலிந்து சேர்த்தது என்றார்கள்.

மூன்று:- பெரிய திரையில், முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் படம் எடுபடும். வீட்டு டெலிவிஷனில் பார்த்தால் உப்புச் சப்பு இல்லை.

இந்த மூன்றாவது குறையில் உண்மை உண்டு. அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் வந்த வசூலில் ஏறக்குறைய 80 சதவீதம் முப்பரிமாணக் காட்சிகளில் வந்தது. "அபாரம்" என்றவர்களில் பலர் தியேட்டரில் பார்த்தவர்கள். "இதுதானா?" என்றவர்களில் பலர் பிறகு வீட்டில் பார்த்தவர்கள். ஒரே படம்தான். ஆனால் அவர்கள் பார்த்தது ஒன்றே அல்ல.

ஆதரித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வெள்ளத்தில் அகப்பட்டவனிடம் போய், "உன் கதையில் திருப்பம் எங்கே?" என்று கேட்பார்களா என்றார்கள். கரை சேர்வானா, மாட்டானா என்பது ஒன்றே போதாதா என்றார்கள்.

விஞ்ஞானி கேட்ட கேள்விகள்

நீல் டிகிராஸ் டைசன் அமெரிக்காவில் பெயர் பெற்ற வான சாஸ்திர விஞ்ஞானி. படம் வந்த சில நாட்களில் அவர் சரமாரியாகக் கேள்விகளை வீசினார்.

ரையானின் உடம்பு மிதக்கிறது. தலைமுடி மட்டும் ஏன் படிந்து கிடக்கிறது?

அவள் படித்தது வைத்தியம். டெலஸ்கோப்பைப் பழுதுபார்க்க டாக்டர் எதற்கு?

பெரும்பாலான செயற்கைக் கோள்கள் மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகின்றன. உடைந்த துண்டுகள் மட்டும் எதிர்ப் பக்கமிருந்து வருவது எப்படி?

ஹப்பிள் ஓர் உயரத்தில் சுற்றுகிறது. நிலையம் வேறோர் உயரத்தில் சுற்றுகிறது. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று கண்ணுக்குத் தெரிவது எப்படி?

இந்தக் கடைசிக் கேள்விதான் பலமானது. ஹப்பிள் அப்போது சுற்றிய உயரம் ஏறக்குறைய 550 கிலோ மீட்டர். நிலையத்தின் உயரம் ஏறக்குறைய 400 கிலோ மீட்டர். உயரம் மட்டும் அல்ல, பாதையின் சாய்வும் வேறு. ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குத் தாவ ஏராளமான எரிபொருள் வேண்டும். முதுகில் கட்டிய சிறு எந்திரத்தால் அது நடக்காது.

நிஜத்தில் இதனால் ஒரு பெரிய சிக்கலே வந்தது. 2003-ல் கொலம்பியா விண்கலம் திரும்பும்போது சிதறி, 7 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா. அதற்குப் பிறகு, கலத்தில் பழுது கண்டால் நிலையத்தில் போய்த் தங்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஹப்பிளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. நிலையத்துக்கு அவர்களால் போய்ச் சேர முடியாது.

அதனால் 2009-ல் அட்லாண்டிஸ் விண்கலம் ஹப்பிளுக்குப் போனபோது, என்டவர் என்ற இன்னொரு கலத்தை ஏவுதளத்தில் தயாராக நிறுத்தி வைத்தார்கள். ஆபத்து என்றால் ஓடிப்போய்க் காப்பாற்றுவதற்காக! நல்ல வேளையாக அதற்குத் தேவை ஏற்படவில்லை.

கயிறு விவகாரம்

ரசிகர்கள் அதிகமாக வாதாடியது ஒரு கயிற்றைப் பற்றி.

ரையானின் கால் ஒரு பாராசூட் கயிற்றில் சிக்கி நிற்கிறது. அவள் கையிலிருந்து போகும் கயிற்றின் நுனியில் கோவால்ஸ்கி தொங்குகிறான். "என் எடை உன்னையும் இழுத்துவிடும்" என்ற பொருளில் பேசிவிட்டு, கயிற்றை அவிழ்த்து விடுகிறான். மிதந்து மறைகிறான். கொட்டகையில் பலர் கண்ணீர் விட்டது இந்த இடத்தில்.

விஞ்ஞானி சொன்னார்: "அங்கே தொங்குவது என்பதே கிடையாது. இருவரும் நின்றுவிட்டால் அவனை இழுக்க ஒரு சக்தியும் இல்லை. ரையான் லேசாகச் சுண்டி இழுத்திருந்தால் அவன் அவள் பக்கத்தில் வந்திருப்பான்."

படத்தை ஆதரித்தவர்கள் விடவில்லை. அவர்கள் இன்னும் முழுமையாக நிற்கவில்லை, கயிறு நழுவிக்கொண்டே இருந்தது என்றார்கள். இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை.

எடை ஏன் இல்லை?

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். அவ்வளவு உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லை, அதனால்தானே மிதக்கிறார்கள்?

இல்லை. ஈர்ப்பு அங்கேயும் உண்டு. 400 கிலோ மீட்டர் உயரத்துக்கு ஓர் ஏணி இருந்து, 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் உச்சியில் நின்றால், அங்கே அவர் எடை சுமார் 53 கிலோ இருக்கும்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? அவர்கள் விழுந்து கொண்டிருக்கிறார்கள்!

மேட்டில் நின்று ஒரு கல்லை எறிந்தால் அது வளைந்து போய்த் தரையில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தூரத்தில் விழும். மணிக்கு 28 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் காற்றில்லாத உயரத்தில் எறிந்தால்? கல் விழுந்துகொண்டே இருக்கும். பூமி உருண்டை ஆனதால், தரையும் வளைந்து விலகிக்கொண்டே இருக்கும். கல் தரையைத் தொடவே தொடாது. பூமியைச் சுற்றிச் சுற்றி வரும்.

விண்வெளி நிலையம் அப்படி எறிந்த கல். உள்ளே இருப்பவரும் அதோடு சேர்ந்து விழுகிறார். அதனால் எடை தெரிவதில்லை. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகிறது.

போய் வந்தவர்கள் சொன்னது

வானவெளிக்குப் போய் வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? விஞ்ஞானிகளைவிட அவர்கள் தாராளமாகவே பாராட்டினார்கள்.

1969-ல் சந்திரனில் நடந்த பஸ் ஆல்டிரின், மனிதர்கள் மிதப்பதைக் காட்டிய விதத்தை வெகுவாகப் புகழ்ந்தார். மக்களுக்கு வானவெளியில் அக்கறை குறைந்துவரும் காலத்தில் இந்தப் படம் வந்தது நல்லது என்றார்.

ஹப்பிளை 2002-லும் 2009-லும் நேரில் பழுதுபார்த்தவர் மைக் மாசிமினோ. தாம் அங்கே பயன்படுத்திய ஒரு விசேஷ கத்தரியைக்கூடப் படத்தில் அப்படியே செய்து வைத்திருந்ததைக் கண்டு வியந்தார்.

கனடா வீரர் கிறிஸ் ஹேட்பீல்டு மட்டும் வேறு விதமாகப் பேசினார். காட்சிகள் அழகு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஆபத்து வந்ததும் அந்தப் பெண் பதறுவதை அவர் ஏற்கவில்லை. நிஜ வீராங்கனைகள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் அப்படிப் பதற மாட்டார்கள். வீராங்கனையாக ஆசைப்படும் சிறுமிகளுக்கு இது தவறான பாடம் என்று கண்டித்தார்.

இதிலும் ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். "பதறினாள், ஆனால் கடைசியில் தன் புத்தியால் தானே தப்பினாள். அதுதான் வீரம்" என்றார்கள் பல பெண்கள்.

கண்ணீரைப் பற்றியும் பேச்சு வந்தது. ரையான் அழும்போது கண்ணீர்த் துளி முத்துப்போல மிதந்து வருகிறது. நிஜத்தில் கண்ணீர் கண்ணை விட்டு விலகாது. அங்கேயே உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். படம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், நிலையத்தில் இருந்த அதே ஹேட்பீல்டு, கண்ணில் தண்ணீர் விட்டு இதைச் செய்தே காட்டினார்.

டைரக்டரின் பதில்

இத்தனை குறைகளுக்கும் குவாரோன் என்ன சொன்னார்?

இது செய்திப் படம் அல்ல, கதைப் படம் என்றார். முடிந்தவரை உண்மையாக எடுத்தோம், கதைக்காகச் சில இடங்களில் சலுகை எடுத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

சரமாரியாகக் கேள்வி கேட்ட டைசனும், தமக்குப் படம் மிகவும் பிடித்தது என்று பிறகு தெரிவித்தார். பிழை இருப்பது வேறு, படம் பிடிப்பது வேறு.

கதை நிஜமான நாள்

சண்டையில் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. முடியையும் கயிற்றையும் பற்றிப் பேசினார்கள். அந்தத் துண்டு மழையைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள்.

அது வெறும் கற்பனை அல்ல. 1978-லேயே டொனால்டு கெஸ்லர் என்ற விஞ்ஞானி எச்சரித்தார். வானவெளியில் குப்பை பெருகினால், துண்டுகள் ஒன்றோடொன்று மோதி மேலும் துண்டுகளை உண்டாக்கும் என்றார்.

2007-ல் சீனா தன் பழைய கோள் ஒன்றை உடைத்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் பறந்தன. 2009 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கக் கோளும் செத்துப்போன ஒரு ரஷ்யக் கோளும் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறின. 2019-ல் இந்தியாவும் ஒரு கோளை உடைத்துச் சோதித்தது. துண்டுகள் சீக்கிரம் கீழே விழுந்து எரியட்டும் என்று 300 கிலோ மீட்டர் அளவில் தாழ்வான உயரத்தில் அந்தச் சோதனை நடந்தது.

2021-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, படத்தில் வந்ததே நடந்தது. ரஷ்யா தன் பழைய கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்தது. 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகள் கிளம்பின. விண்வெளி நிலையத்தில் இருந்த 7 பேரும் தப்பிச் செல்லும் கலங்களுக்குள் போய் அடைக்கலம் புகுந்தார்கள். துண்டுக் கூட்டம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை அவர்கள் பாதையைக் கடந்தது. யாருக்கும் ஆபத்து இல்லாமல் முடிந்தது.

2025 நவம்பரில் இன்னொரு சம்பவம். சீன நிலையத்தில் இருந்த 3 வீரர்கள் பூமிக்குத் திரும்பப் புறப்படும் நேரம். அவர்கள் கலத்தின் மீது ஒரு சிறு துண்டு மோதியிருக்கலாம் என்று தெரிந்தது. பயணம் தள்ளிப்போடப்பட்டது. சில நாள் கழித்து வேறொரு கலத்தில் பத்திரமாகத் திரும்பினார்கள். படத்தில் ரையான் தப்பி வருவதும் இதே வகைச் சீனக் கலத்தில்தான்!

படத்திலே எல்லாம் சில மணி நேரத்தில் நடந்து முடிகிறது. நிஜத்தில் இந்த மோதல் சங்கிலி மெல்ல மெல்ல, பல ஆண்டுகளில் வளரும். அந்த அளவுக்குப் படம் மிகைதான். ஆனால் துண்டின் வேகத்தில் மிகை இல்லை. மேலே மோதும் துண்டு துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் வருகிறது. ஒரு கோலிக்குண்டு அளவு போதும், கலத்தைத் துளைத்துவிடும்.

யாருடைய குப்பை?

இதில் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன? இருக்கிறது.

புயல் வருவதை முன்கூட்டிச் சொல்வது செயற்கைக் கோள். நடுக்கடலில் படகுக்கு வழி காட்டுவதும், கையில் உள்ள போனில் ஊர் வழி சொல்வதும் செயற்கைக் கோள். 10 சென்டிமீட்டருக்குப் பெரிய பொருள்கள் மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல் பூமியைச் சுற்றுகின்றன. அவற்றில் பெரும் பகுதி ஒன்றுக்கும் உதவாத குப்பை.

கோள்களை உடைக்கும் சோதனை வேண்டாம் என்று 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தன. தீர்மானம் நிறைவேறினாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது.

ஆகவே, யார் சொன்னது சரி?

கதை மெலிவு என்றவர்களும் சரி. முடி மிதக்கவில்லை என்றவர்களும் சரி. ஆனால் வானத்துக் குப்பை மனிதனைக் கொல்லும் என்பதைப் புத்தகம் படிக்காதவரும் ஒன்றரை மணி நேரத்தில் புரிந்துகொண்டது இந்தப் படத்தால்தான். கயிற்றைப் பற்றிய பிழையை விஞ்ஞானிகள் ஒரே வாரத்தில் திருத்தி விட்டார்கள். மேலே சுற்றும் குப்பையை இன்னும் யாரும் அள்ளி முடிக்கவில்லை.